ஆமைக்குச் சட்டம் உண்டு, மணலுக்கு?

2025 ஏப்ரல் 26-ஆம் தேதி, உத்தரப் பிரதேசத்தின் ஹைதர்பூர் சதுப்புநிலப் பகுதியில் இருபது ஆமைகள் விடப்பட்டன. சம்பல் ஆற்றை ஒட்டிய கர்ஹைதா ஆமைப் பாதுகாப்பு மையத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை அவை. நடமாட்டத்தைக் கண்காணிப்பதற்கான ஒலியலைக் கருவிகள் அவற்றின் உடலில் பொருத்தப்பட்டிருந்தன. ஒரு பிரிவு ஆமைகள் தடுப்பணைக்கு மேலே உள்ள சதுப்புநிலத்திலும், மறு பிரிவு கங்கையின் முதன்மை நீரோட்டத்திலும் விடப்பட்டன. எந்தச் சூழலில் அவை நிலைகொள்கின்றன என்பதை ஒப்பிட்டு அறிவதே நோக்கம். 'நமாமி கங்கே' திட்டத்தின்கீழ் 'டர்ட்டில் சர்வைவல் அலையன்ஸ் ஃபவுண்டேஷன் இந்தியா' அமைப்பு மேற்கொண்ட முயற்சி இது.

கங்கையின் முதன்மை ஆற்றில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் காணக் கிடைக்காத ஓர் இனத்தைத் திரும்பக் கொண்டுவரும் இந்த முயற்சி பாராட்டுக்குரியது. ஆனால், அந்த இருபது ஆமைகளும் பிழைத்து, வளர்ந்து, முட்டையிடும் பருவத்தை எட்டும்போது அவை ஏறிவருவதற்கு ஆற்றில் மணல்திட்டு இருக்க வேண்டும். அதற்கு என்ன உறுதி இருக்கிறது என்ற கேள்வியை நாம் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை.

செம்முடிக் கூரை ஆமை

விடப்பட்ட ஆமையின் அறிவியல் பெயர் படாகுர் கச்சுகா. இந்தியில் 'சால்' என்பார்கள். தமிழில் செம்முடிக் கூரை ஆமை எனலாம். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆணின் தலையும் கழுத்தும் சிவப்பு, மஞ்சள், நீலம் என நிறங்கொள்கின்றன. உச்சந்தலையின் சிவப்பே இதற்குப் பெயரைத் தந்தது. பெண் உருவில் பெரியது. ஓட்டின் நீளம் 56 செ.மீ. வரையிலும் எடை 25 கிலோ வரையிலும் எட்டும். ஆண் அதில் பாதி அளவே இருக்கும். நீர்த்தாவரங்களை உண்டு வாழும் சாதுவான உயிரினம்.

ஒரு காலத்தில் கங்கையிலும் அதன் துணை ஆறுகளிலும் வங்கதேசம் வரையிலும் இந்த ஆமை பரவியிருந்தது. இன்று இது நம்பிக்கையளிக்கும் எண்ணிக்கையில் எஞ்சியிருப்பது சம்பல் ஆற்றில் மட்டுமே. அங்கும் முட்டையிடும் பருவத்தில் உள்ள பெண் ஆமைகள் சுமார் 500 இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் இதனை மிக அருகிய இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. 2022 நவம்பரில் பனாமாவில் நடைபெற்ற அருகிவரும் உயிரினங்களின் வணிகம் தொடர்பான பன்னாட்டு உடன்படிக்கை மாநாட்டில், இந்தியாவின் முன்மொழிவை ஏற்று இந்த இனம் முதல் இணைப்புப் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. அதாவது, வணிக நோக்கிலான பன்னாட்டுப் பரிமாற்றத்துக்கு முழுத் தடை. உள்நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் நிகரான இடம் இதற்கு உண்டு.

காகிதத்தில் இதற்குமேல் ஒரு விலங்குக்குப் பாதுகாப்பு அளிக்க இயலாது. அப்படியிருந்தும் அது அருகிக்கொண்டிருக்கிறது என்றால், கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

மணலில் தொடங்கும் வாழ்வு

நீரிலேயே வாழும் இந்த ஆமைக்கு ஆண்டில் சில நாள்கள் மட்டும் கரை வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெண் ஆமை நீர்மட்டத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும் மணல்திட்டில் ஏறிக் குழி தோண்டி, 11 முதல் 30 முட்டைகள் வரை இட்டு மூடிவிட்டு ஆற்றுக்குத் திரும்பிவிடும். அதன்பின் அடைகாப்பது வெயிலும் மணலும்தான். பருவமழை வெள்ளம் வருவதற்குள் குஞ்சுகள் வெளியேறி நீரை அடைந்துவிட வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஒவ்வொன்றும் ஒன்றையொன்று சார்ந்திருக்கிறது. திட்டு போதிய உயரம் இல்லாவிட்டால் முட்டைகள் நீரில் மூழ்கும். மணல் அள்ளப்பட்டு அடியில் உள்ள களிமண் வெளிப்பட்டுவிட்டால் குழி தோண்ட இயலாது. ஆற்றில் நீர் மிகக் குறைந்துவிட்டால், நடுவில் இருந்த திட்டு கரையோடு இணைந்துவிடும். நரியும் நாயும் நடந்தே வந்து முட்டைகளைத் தோண்டித் தின்றுவிடும். பல ஆமை இனங்களில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதே முட்டை புதைந்திருக்கும் மணலின் வெப்பநிலைதான். மணலின் ஆழமும் ஈரமும் மாறினால் அதுவும் மாறும்.

இங்கேதான் சட்டத்தின் ஓட்டை தெரிகிறது. ஊர்வனவற்றின் முட்டைகளைச் சிதைப்பதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டையாடுதல் என்ற வரையறைக்குள் அடங்கும் என்கிறது 1972 சட்டம். மார்ச் மாதத்தில் ஒருவர் முட்டைக்குழியைக் கலைத்தால் அவர் குற்றவாளி. ஆனால், சரணாலய எல்லைக்கு வெளியே ஜனவரி மாதத்திலேயே அந்தத் திட்டு முழுவதும் லாரிகளில் ஏற்றப்பட்டுவிட்டால், கலைப்பதற்குக் கூடே இருக்காது. முட்டையிட இடமின்றித் திரும்பும் ஆமையின் இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

அச்சம் காத்த ஆறு

மத்தியப் பிரதேசத்தின் விந்திய மலைப்பகுதியில் தோன்றி, ராஜஸ்தான் வழியாகச் சென்று, உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் யமுனையோடு கலக்கும் சம்பல், ஏறத்தாழ 960 கி.மீ. நீளமுடையது. திரெளபதியின் சாபம் பெற்ற நதி என்று பழங்கதைகள் கூறியதால் அதன் கரையில் பெரிய புனிதத் தலங்கள் வளரவில்லை. பள்ளத்தாக்குகளில் பதுங்கியிருந்த கொள்ளையர்கள் மீதான அச்சத்தால் தொழிற்சாலைகளும் வரவில்லை. கங்கையும் யமுனையும் மாசடைந்தபோது சம்பல் தப்பித்ததற்கு இந்த அச்சமே காரணம் என்று அந்தப் பகுதியினர் இன்றும் சொல்வதுண்டு.

1970-களில் கரியால் எனப்படும் நீள்மூக்கு முதலை அழிவின் விளிம்பை எட்டியபோது, அதனைக் காப்பதற்காக 1978-ஆம் ஆண்டு தொடங்கி மூன்று மாநிலங்களிலும் படிப்படியாகத் தேசிய சம்பல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கரியாலும் மணல்திட்டில்தான் முட்டையிடுகிறது. இந்தியக் கத்தரிமூக்குப் பறவையும் அங்கேதான் முட்டையிடுகிறது. கூரை ஆமைகளும் அதே திட்டுகளை நம்பியிருக்கின்றன. ஒரு திட்டைக் காத்தால் இவை எல்லாமே பிழைக்கும். ஒரு திட்டை இழந்தால் எல்லாமே இடம் இழக்கும்.

கொள்ளையர்கள் காலம் முடிந்த பிறகு அந்த ஆற்றுக்கு மணல், கல் கொள்ளையர்கள் வந்தார்கள். 2012 மார்ச் மாதம் முரைனா மாவட்டத்தில், சட்டவிரோதமாகக் கல் ஏற்றிவந்த டிராக்டரைத் தடுக்க முயன்ற இளம் காவல் துறை அதிகாரி நரேந்திர குமார், அந்த டிராக்டர் ஏற்றிக் கொல்லப்பட்டார். இந்தியக் காவல் பணி அதிகாரிக்கே இந்த நிலை என்றால், கையில் ஒரு தடி மட்டும் வைத்திருக்கும் வனக்காவலரின் நிலையை விளக்கத் தேவையில்லை.

சட்டவிரோத மணல் எடுப்பைத் தடுக்க முடியாத நிலையில், சரணாலயத்தின் ஒரு பகுதியையே எல்லையிலிருந்து விலக்கி, முறைப்படி குவாரிகளுக்குத் திறந்துவிடும் பாதையை மத்தியப் பிரதேச அரசு 2023-இல் தேர்ந்தெடுத்தது. அனுமதி பெற்ற குவாரிகள் வந்தால் திருட்டு குறையும் என்பது அதற்கான வாதம். இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. வீடு கட்டுவோருக்கு மணல் வேண்டும். சட்டபூர்வ வழி அடைபட்டால் கள்ளச்சந்தை பெருகும் என்பதும் உண்மை. ஆனால், அனுமதி பெற்ற குவாரிக்கு அருகிலேயே, அதே அனுமதிச் சீட்டைக் காட்டி அளவுக்கு மீறி அள்ளுவது நாட்டின் எல்லா ஆறுகளிலும் நாம் கண்ட நடைமுறைதான். கண்காணிக்க ஆளின்றித் தோற்ற ஒரு நிர்வாகம், எல்லையைச் சுருக்கிக்கொண்டால் மட்டும் கண்காணிப்பில் வென்றுவிடுமா?

நகரும் எல்லைகள்

சரணாலய எல்லை தேவைக்கேற்ப நகர்வது சம்பலில் மட்டும் நடப்பதன்று. கங்கைச் செயல்திட்டத்தின் ஒரு பகுதியாக, ஆற்றில் வீசப்படும் பாதி எரிந்த உடல்களை அகற்றுவதற்கு ஊன் உண்ணும் ஆமைகள் வாராணசியில் விடப்பட்டன. அவற்றுக்காக 1989-இல் ராம்நகர் கோட்டையிலிருந்து மாளவியா பாலம் வரை சுமார் 7 கி.மீ. நீளத்துக்கு ஆமைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அந்த எல்லைக்குள் மணல் எடுப்பதும் மீன் பிடிப்பதும் தடைசெய்யப்பட்டன.

ஹால்டியா முதல் பிரயாக்ராஜ் வரையிலான முதலாவது தேசிய நீர்வழித்தடத்தைச் சரக்குக் கப்பல் போக்குவரத்துக்கு மேம்படுத்தும் திட்டம் வந்தபோது, அந்தச் சரணாலயம் இடையூறாகக் கருதப்பட்டது. 2020-இல் அறிவிக்கை திரும்பப் பெறப்பட்டது. மாற்றாக பிரயாக்ராஜ், மிர்சாபூர், பதோஹி மாவட்டங்களில் 30 கி.மீ. நீளத்துக்குப் புதிய சரணாலயம் உருவாக்கப்பட்டது. ஏழுக்குப் பதில் முப்பது என்பது கணக்கில் ஆதாயம்தான். பரபரப்பான படித்துறைகளுக்கு எதிரே இருந்த பழைய இடம் ஆமைகளுக்கு உகந்ததாக இருக்கவில்லை என்ற வாதத்திலும் பொருளுண்டு. ஆயினும், ஓர் உயிரினத்தின் வாழிடம் அதன் தேவையைக் கொண்டு முடிவாகாமல், மனிதருக்கு அந்த இடம் தேவைப்படும் வரை மட்டுமே நிலைக்கும் என்ற முன்மாதிரி அங்கே நிறுவப்பட்டது.

பாதுகாப்பு நீங்கிய பிறகு நடந்தது கவனிக்கத்தக்கது. 2021-இல், நகருக்கு எதிர்க்கரையில் இருந்த மணற்பரப்பில் சுமார் 5 கி.மீ. நீளத்துக்குக் கால்வாய் ஒன்று தோண்டப்பட்டது. அதே ஆண்டின் மழைக்கால வெள்ளத்தில் அது மூழ்கிப்போனது. தன் மணலை எங்கே வைக்க வேண்டும் என்பதை ஆறே தீர்மானிக்கும் என்ற எளிய உண்மையை, பொதுப்பணம் செலவிட்டுக் கற்க வேண்டியிருந்தது.

நீரும் நேரமும்

மணலை அள்ளாமல் விட்டாலும் போதாது. மணலைக் கொண்டுவந்து சேர்க்கும் நீரோட்டமும் வேண்டும். சம்பலின் குறுக்கே காந்தி சாகர், ராணா பிரதாப் சாகர், ஜவாஹர் சாகர் ஆகிய அணைகளும் கோட்டா தடுப்பணையும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அணைகள் நீரை மட்டுமல்லாமல் வண்டலையும் தடுத்து நிறுத்துகின்றன. கோடையில் கீழ்ப்பகுதிக்கு வரும் நீர் குறைவு. வெயில் காலத்தில் முன்னறிவிப்பின்றி நீர் திறக்கப்பட்டால் ஓரிரவில் நீர்மட்டம் உயர்ந்து முட்டைக்குழிகள் மூழ்கிப்போகும்.

பார்வதி, காளிசிந்து, சம்பல் ஆறுகளை இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசும் ராஜஸ்தான், மத்தியப் பிரதேச அரசுகளும் 2024 ஜனவரியில் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. வறட்சியில் வாடும் கிழக்கு ராஜஸ்தான் மாவட்டங்களுக்குக் குடிநீரும் பாசன நீரும் தருவது இதன் நோக்கம். குடிநீருக்காகக் காத்திருக்கும் மக்களிடம் ஆமையைக் காட்டி மறுப்பது நியாயமாகாது. ஆனால், துணை ஆறுகளின் நீரைத் திருப்பிய பிறகு, மார்ச் முதல் ஜூன் வரை சம்பலில் எவ்வளவு நீர் ஓடும் என்பதைத் திட்டத்திலேயே உறுதி செய்துவிடலாம். கங்கையின் தோற்றுவாயிலிருந்து உன்னாவ் வரையிலான முதன்மை ஆற்றுக்கு, ஆண்டு முழுவதும் இருக்க வேண்டிய குறைந்தபட்ச நீரோட்டத்தை மத்திய அரசு 2018 அக்டோபரில் அறிவிக்கையாக வெளியிட்டது. அந்த அறிவிக்கை சம்பலுக்குப் பொருந்தாது. அருகிய ஆமையின் கடைசிப் புகலிடம் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது.

பொரிப்பகம் போதுமா?

ஆமைப் பாதுகாப்பு என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது, கைநிறையக் குஞ்சுகளை ஏந்தி ஆற்றிலோ கடலிலோ விடும் காட்சிதான். பொரிப்பகங்களின் பணியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சம்பல் கரையில் ஆர்வலர்களும் வனத் துறையினரும் உள்ளூர் மக்களும் ஆண்டுதோறும் முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாத்துப் பொரிக்கவைத்ததால்தான் இந்த இனம் இன்றும் இருக்கிறது. கங்கைக்கு அனுப்ப இருபது ஆமைகள் கிடைத்ததும் அதனால்தான்.

ஆனால், ஆமையின் வாழ்க்கைக் கணக்கு வேறு. அது மெதுவாக வளர்ந்து, பல ஆண்டுகளுக்குப் பின்பே முட்டையிடும் பருவத்தை அடைகிறது. குஞ்சுகளில் மிகச் சிலவே அந்தப் பருவம் வரை பிழைக்கின்றன. எனவே, முதிர்ந்த பெண் ஆமை ஒன்று செவுள் வலையில் சிக்கி மூச்சுத் திணறி இறந்தால், அந்த இழப்பை ஒரு பருவத்தில் விடப்படும் குஞ்சுகள் ஈடுசெய்துவிடா. தமிழகத்துக்கு இது புதிதன்று. சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகளின் முட்டைகளைப் பொரிப்பகங்களில் வைத்துக் காக்கிறோம். அதே கரையில் 2025 ஜனவரியில் வளர்ந்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கியதையும் பார்த்தோம்.

கடத்தல் மற்றொரு வாய்க்கால். 2009 செப்டம்பர் முதல் 2019 செப்டம்பர் வரையிலான பத்தாண்டுகளில் இந்தியாவில் பறிமுதல் செய்யப்பட்ட நில, நன்னீர் ஆமைகள் குறைந்தது 1,11,310 என்று வன உயிரின வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு கணக்கிட்டது. வாரத்துக்கு 200-க்கும் மேல். 2017 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் ஒரே சோதனையில் 6,000-க்கும் மேற்பட்ட ஆமைகள் பிடிபட்டன. பிடிபட்டவற்றின் கணக்கே இது.

காவிரிப் படுகையின் பங்கு

பனாமா மாநாட்டில் சம்பல் ஆமையோடு முதல் பட்டியலுக்கு உயர்த்தப்பட்ட மற்றோர் இந்திய இனம், லெய்த் மென்னோட்டு ஆமை. தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இது, கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளோடு காவிரி, பவானி, மாயாறு ஆகியவற்றிலும் வாழ்வது. இதுவும் மிக அருகிய இனமே. புலிக்காகவும் யானைக்காகவும் மாயாற்றுப் பள்ளத்தாக்கை அறிந்த நமக்கு, அதன் நீருக்குள் புலியைவிட அரிதான ஓர் உயிர் இருப்பது தெரியாது.

காவிரியிலும் அதன் துணை ஆறுகளிலும் மணலுக்கு நேர்ந்ததை விவரிக்கத் தேவையில்லை. மணல் குவாரி பற்றிய நம் விவாதங்கள் நிலத்தடி நீர், பாலங்களின் அடித்தளம், அரசின் வருவாய் ஆகியவற்றைச் சுற்றியே நடக்கின்றன. அவை முக்கியமானவைதான். ஆற்று மணல் உயிர்களின் பிறப்பிடம் என்ற எண்ணம் மட்டும் அந்த விவாதங்களில் இதுவரை இடம்பெறவில்லை.

செய்ய வேண்டியவை

உலகம் ஆண்டுக்கு 5,000 கோடி டன் மணலும் சரளையும் பயன்படுத்துவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இந்தத் தேவை நாளையே நின்றுவிடாது. எல்லா மணலையும் காக்க வேண்டும் என்பதும் நடைமுறைக்கு ஒவ்வாது. ஆமை முட்டையிடும் மணலை மட்டுமாவது காப்பது இயலக்கூடியதே.

முதலாவதாக, 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்றது. பின்னர் வந்த விதிகள், மணல் எடுக்கத்தக்க இடங்களைக் குறிக்கும் ஆய்வறிக்கையை ஒவ்வொரு மாவட்டமும் தயாரிக்கச் சொல்கின்றன. அந்த அறிக்கையிலேயே ஆமை, முதலை, பறவைகள் முட்டையிடும் திட்டுகளையும் குறித்து, அவற்றைக் குவாரிப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பின் திட்டுகள் இடம் மாறும் என்பதால், ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் இந்த வரைபடத்தைப் புதுப்பிப்பது அவசியம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.

இரண்டாவதாக, மார்ச் முதல் ஜூன் வரை கோட்டா தடுப்பணையிலிருந்து நீர் திறக்கும் அட்டவணையை முட்டையிடும் பருவத்தோடு பொருத்த வேண்டும். நதி இணைப்புத் திட்டத்தில் கோடைக்கால நீரோட்டத்தின் அளவு எண்ணாகவே எழுதப்பட வேண்டும்.

மூன்றாவதாக, மணல்திட்டுகளை ஒட்டிய ஆழமான மடுக்களில் அந்த நான்கு மாதங்கள் செவுள் வலைகளைத் தடைசெய்து, மீனவர்களுக்கு ஈட்டுத்தொகை வழங்க வேண்டும். கடலில் மீன்பிடித் தடைக்காலம் என்பதை ஏற்றுப் பழகிய நாடு இது. ஆற்றுக்கும் அது பொருந்தும். கோடையில் ஆற்று மணலில் வெள்ளரியும் முலாம்பழமும் பயிரிட்டுப் பிழைக்கும் ஏழை உழவர்களை விரட்டுவது எளிது. பொக்லைன் உரிமையாளர்களைத் தொடுவது கடினம். பாதுகாப்பின் சுமை எளியவர் தலையில் மட்டும் விழக் கூடாது. இரவும் பகலும் ஆற்றில் இருக்கும் அந்த உழவர்களே ஆமைக் கூடுகளுக்கு மிகச் சிறந்த காவலர்களாக இருக்க முடியும். அந்தக் காவலுக்கு ஊதியம் தரப்பட வேண்டும்.

நான்காவதாக, சரணாலயத்தின் எந்தப் பகுதியையும் எல்லையிலிருந்து விலக்கும் முன், அங்கே எத்தனை முட்டைக்குழிகள் கடந்த ஆண்டுகளில் பதிவாயின என்ற விவரத்தை அரசு பொதுவெளியில் வைக்க வேண்டும். மக்கள் அறிந்து விவாதித்த பின் எடுக்கும் முடிவுக்கும், ஓர் அரசிதழ்ப் பக்கத்தில் முடிந்துபோகும் முடிவுக்கும் வேறுபாடு உண்டு.

வட இந்தியக் கோயில்களின் வாயில் நிலைகளில் கங்கை மகரத்தின்மீதும் யமுனை ஆமையின்மீதும் நிற்கும் சிற்பங்களைக் காணலாம். ஆற்றை அதன் உயிர்களிலிருந்து பிரித்துப் பார்க்காத சமூகம் செதுக்கியவை அவை. இன்று கங்கையை மீட்கப் பல ஆயிரம் கோடி ரூபாய் செலவிடுகிறோம். அதன் வெற்றியைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கிறோம். இன்னும் சில ஆண்டுகளில், ஹைதர்பூரில் விடப்பட்ட பெண் ஆமைகளில் ஒன்றாவது தன் குஞ்சுகளுக்கென ஒரு மணல்திட்டைத் தேடி ஏறிவந்தால், அந்தச் செலவுக்குப் பொருள் இருந்தது என்று கொள்ளலாம். அது ஏறிவரும் நாளில் அங்கே மணல் இருக்க வேண்டும் என்றால், அதற்கான முடிவுகளை இப்போதே எடுத்தாக வேண்டும்.